வாடகையைத் தொட முடியாத நகரமன்றம்: ஷமா சாவந்த் கேட்டதும் சியாட்டிலுக்குக் கிடைத்ததும்

2013-ஆம் ஆண்டு சியாட்டில் நகரமன்றத் தேர்தலில் ஷமா சாவந்த் மூன்று கோரிக்கைகளோடு களமிறங்கினார்: மணிக்கு 15 டாலர் குறைந்தபட்சக் கூலி, வாடகைக் கட்டுப்பாடு, பெரும் பணக்காரர்கள் மீது வரி. புனேயில் தமிழ்க் குடும்பம் ஒன்றில் பிறந்து, மும்பையில் வளர்ந்து, அமெரிக்காவில் பொருளியலில் முனைவர் பட்டம் பெற்றவர் அவர். நான்கு முறை வென்றிருந்த ரிச்சர்ட் கான்லினைத் தோற்கடித்தார். தன்னை சோஷலிஸ்ட் என்று வெளிப்படையாகச் சொல்லிக்கொண்ட ஒருவர் அமெரிக்கப் பெருநகரம் ஒன்றில் வென்றது அப்போது உலகச் செய்தி.

கூலிக் கோரிக்கை அடுத்த ஜூன் மாதமே சட்டமாகிவிட்டது. வாடகைக் கட்டுப்பாடு மட்டும், அவர் பதவியில் இருந்த 10 ஆண்டுகளில் கடைசிவரை சட்டமாகவில்லை. ஆனாலும் அமெரிக்காவில் வாடகைதாரருக்கு வலுவான பாதுகாப்பு உள்ள நகரங்களை எண்ணினால் சியாட்டில் முன்வரிசையில் வந்துவிடுகிறது. 2025-இல் அவர் நாடாளுமன்றக் கீழவைக்குப் போட்டியிடப்போவதாக அறிவித்தபின் அவரது வீட்டுக் கொள்கை மறுபடியும் விவாதத்துக்கு வந்திருக்கிறது. சொன்னதைச் செய்யாதவர் என்கிறார்கள் சிலர். வாடகைதாரர்களின் காவலர் என்கிறார்கள் வேறு சிலர். இரண்டுக்கும் ஆதாரம் இருக்கிறது. அது எப்படி என்று புரிய, ஒரு நகரமன்ற உறுப்பினரின் கை எதுவரை நீளும் என்பதிலிருந்து தொடங்க வேண்டும்.

சாவி யார் கையில்?

சியாட்டில் இருப்பது மேற்குக் கரையில் உள்ள வாஷிங்டன் மாநிலத்தில். தலைநகர் வாஷிங்டனுக்கும் அதற்கும் தொடர்பில்லை. நகரமன்றத்தில் 9 உறுப்பினர்கள். 2015 முதல் 7 பேர் வட்டாரவாரியாகவும் 2 பேர் நகரம் முழுவதற்குமாகவும் தேர்ந்தெடுக்கப்படுகிறார்கள். மேயர் தனியே தேர்ந்தெடுக்கப்படுபவர். நகரமன்றம் இயற்றும் சட்டத்தை அவர் நிராகரிக்கலாம், 6 பேர் சேர்ந்தால் அந்த நிராகரிப்பைத் தள்ளுபடி செய்யலாம். ஒரே ஒரு உறுப்பினர் தனியாக எதையும் சாதித்துவிட முடியாது என்பது இதிலேயே தெரிந்துவிடும்.

இதைவிடப் பெரிய வரம்பு மேலே இருக்கிறது. வாஷிங்டன் மாநில அரசமைப்பு நகரங்களுக்குத் தாராளமாகவே அதிகாரம் தருகிறது. ஆனால் மாநிலச் சட்டத்தோடு நகரச் சட்டம் மோதினால் மாநிலச் சட்டமே நிற்கும். அதனால் வீடு, வாடகை குறித்து சியாட்டில் வேட்பாளர் ஒருவர் தரும் வாக்குறுதிகளை மூன்று கூடைகளாகப் பிரிக்கலாம்.

1. நகரமன்றமே செய்யக்கூடியவை: வீட்டைக் காலி செய்யச் சொல்வதற்கான விதிகள், முன்பண வரம்பு, வாடகை உயர்வுக்கான முன்னறிவிப்பு, நிறுவனங்கள் மீதான சில வரிகள், எந்த மனையில் எத்தனை வீடு கட்டலாம் என்ற மண்டல விதிகள், வரவு செலவுத் திட்டம்.

2. வாக்காளர்கள் நேரடியாகச் செய்யக்கூடியவை: போதிய கையொப்பம் திரட்டி ஒரு சட்டத்தையே வாக்குச்சீட்டில் ஏற்றலாம். சியாட்டில் அரசியலில் இது அடிக்கடி பயன்படும் ஆயுதம்.

3. மாநிலம் கதவைத் திறந்தால் மட்டுமே நடக்கக்கூடியவை: வாடகைத் தொகைக்கு வரம்பு இதில் அடங்கும். தனிநபர் வருமான வரியும் அப்படியே. 2017-இல் உயர் வருமானக்காரர்கள் மீது நகரமன்றம் விதித்த வருமான வரி நீதிமன்றத்தில் தோற்றுப்போனது.

சாவந்த்தின் மூன்று கோரிக்கைகளில் இரண்டு மூன்றாவது கூடைக்குள் கிடந்தன. அவர் இதை அறியாமல் கேட்டார் என்று எண்ண இடமில்லை. பூட்டிய கதவைத் தட்டிக்கொண்டே இருப்பதுதான் அவரது அரசியல் முறை.

‘கட்டுப்படியாகும் வீடு’ யாருக்குக் கட்டுப்படியாகும்?

தேர்தல் அறிக்கைகளில் அதிகம் புழங்குவதும் அதிகம் குழப்புவதும் இந்தச் சொல்தான். அமெரிக்க வழக்கில் இதற்கு இரண்டு அளவுகோல்கள் உண்டு.

ஒன்று, குடும்ப வருமானத்தில் 30 சதவீதத்துக்கு மேல் வீட்டுச் செலவு போகக் கூடாது என்பது. இது இயற்கை விதி எதுவும் இல்லை. 1969-இல் அரசுக் குடியிருப்புகளுக்கு வருமானத்தில் 25 சதவீதம் என்று வரம்பு வைத்தார்கள். 1981-இல் அதையே 30 ஆக்கினார்கள். அந்த எண் பிறகு எல்லா விவாதங்களிலும் ஒட்டிக்கொண்டது.

இரண்டாவது அளவுகோல், வட்டார இடைநிலை வருமானம். ஒரு பெருநகர வட்டாரத்தின் குடும்பங்களை எல்லாம் வருமானப்படி வரிசையில் நிறுத்தினால் நடுவில் நிற்கும் குடும்பத்தின் வருமானம் அது. அதில் 30 சதவீதம், 60 சதவீதம், 80 சதவீதம் என்று படிகள் வைத்து, இந்தக் கட்டடத்தில் இந்தப் படிக்குக் கீழே இருப்பவர்களுக்கே வீடு என்று ஒதுக்குகிறார்கள்.

சிக்கல் இங்கேதான். 2010-இல் 6,08,660 ஆக இருந்த சியாட்டிலின் மக்கள்தொகை 2020-இல் 7,37,015 ஆனது. வந்தவர்களில் பலர் அமேசான் போன்ற நிறுவனங்களின் உயர் சம்பளக்காரர்கள். வரிசையின் உயர் வருமானப் பக்கம் கூட்டம் சேரச் சேர நடுப்புள்ளி மேலே நகரும். நேற்றுவரை அதே கூலிக்கு உணவகத்தில் பாத்திரம் கழுவியவர், கூலி குறையாமலே, கீழ்ப் படிக்குத் தள்ளப்பட்டுவிடுவார். ‘80 சதவீதப் படிக்கான கட்டுப்படியாகும் வீடு’ என்று அறிவிக்கப்படும் அடுக்ககத்தின் வாடகை அவருக்கு எட்டாக்கனி. எனவே ஒரு வேட்பாளர் ‘ஆயிரம் கட்டுப்படியாகும் வீடுகள்’ என்றால், எந்தப் படிக்கு என்பதுதான் முதல் கேள்வி. அதைச் சொல்லாத எண்ணிக்கைக்குப் பொருள் குறைவு.

2019-இல் நகரம் முழுவதும் நடைமுறைக்கு வந்த ஒரு விதியும் இந்தச் சொல்லைச் சார்ந்ததே. உயரமாகக் கட்ட அனுமதி பெறும் கட்டுமான நிறுவனம், கட்டும் வீடுகளில் சிறு பங்கைக் குறைந்த வாடகைக்கு ஒதுக்க வேண்டும். இல்லையேல் நகரத்துக்குக் கட்டணம் செலுத்த வேண்டும்.

வாடகைக் கட்டுப்பாடு: ஒரு பெயர், மூன்று திருகுகள்

1980-இல் சியாட்டில் வாக்காளர்கள் முன் வாடகைக் கட்டுப்பாட்டுத் திட்டம் ஒன்று வந்தது. நிராகரித்துவிட்டார்கள். அத்தோடு விட்டிருக்கலாம். அடுத்த ஆண்டே மாநிலச் சட்டமன்றம், எந்த நகரமும் மாவட்டமும் தனியார் வாடகைவீட்டின் வாடகைத் தொகையைக் கட்டுப்படுத்தக் கூடாது என்று சட்டம் இயற்றியது. அரசே வைத்திருக்கும் வீடுகளுக்கும், உரிமையாளரோடு ஒப்பந்தம் செய்துகொண்ட வீடுகளுக்கும் மட்டும் விலக்கு. அந்த 1981-ஆம் ஆண்டுச் சட்டம்தான் சாவந்த் பத்தாண்டுகள் மோதிய சுவர்.

‘வாடகைக் கட்டுப்பாடு’ என்பதை ஒரே பொருளில் புரிந்துகொள்வது தவறு. மூன்று திருகுகளை எப்படித் திருப்புகிறோம் என்பதைப் பொறுத்து அது மென்மையான சட்டமாகவோ கடுமையான சட்டமாகவோ மாறும்.

1. ஆண்டுக்கு எவ்வளவு உயர்த்தலாம்? விலைவாசி உயர்வு மட்டும் என்றால் கடுமை. விலைவாசியோடு 5 அல்லது 7 சதவீதம் சேர்த்து என்றால் மென்மை.

2. எந்தக் கட்டடங்களுக்கு? பழைய கட்டடங்களுக்கு மட்டும் என்றால் புதிதாகக் கட்டுபவர்கள் தயங்க மாட்டார்கள். எல்லாவற்றுக்கும் என்றால் தயங்கலாம்.

3. வரம்பு வீட்டுக்கா, ஆளுக்கா? மூன்றிலும் முக்கியமானது இது. வரம்பு ஆளோடு ஒட்டியதாக இருந்தால், அவர் காலி செய்த மறுநாள் உரிமையாளர் எவ்வளவு வேண்டுமானாலும் வாடகை வைக்கலாம். வீட்டோடு ஒட்டியதாக இருந்தால், புதிதாக வருபவருக்கும் அதே வரம்புதான்.

சாவந்த் மூன்றையும் இறுகத் திருகச் சொன்னார். விலைவாசி உயர்வுக்கு மேல் கூடாது, புதுக் கட்டடமும் விலக்கில்லை, ஆள் மாறினாலும் வரம்பு மாறாது. மாநிலத் தடை நீங்கும் நாளில் தானாக நடைமுறைக்கு வரும்படி இதை நகரச் சட்டமாக இயற்றி வைத்துக்கொள்வோம் என்பது அவரது உத்தி. துப்பாக்கியை இப்போதே நிரப்பி வைப்பது போல. பதவிக்காலத்தின் கடைசி ஆண்டான 2023-இல், ஆகஸ்ட் மாதம் அது வாக்கெடுப்புக்கு வந்தது. அவரும் டாமி மொராலெஸும் மட்டுமே ஆதரித்தார்கள். 6-க்கு 2 என்று தோற்றது. தடை இருக்கும்போது இது வெறும் அடையாளச் சட்டம் என்ற வாதத்தையும், இவ்வளவு கடுமையாக இருந்தால் யாரும் வீடு கட்ட வர மாட்டார்கள் என்ற வாதத்தையும் எதிர்த்தரப்பு முன்வைத்தது.

முதல் வாதத்தில் வலு குறைவு என்றே தோன்றுகிறது. தடை நீங்கியபின் வரைவு எழுத உட்கார்ந்தால், இடைப்பட்ட மாதங்களில் வாடகையை ஏற்றிக்கொள்ள வாய்ப்புக் கிடைக்கும் என்பது உண்மைதானே. இரண்டாவது வாதம் அப்படி ஒதுக்கித்தள்ளக்கூடியதன்று. அதைப் பிறகு பார்ப்போம்.

சுவரைச் சுற்றி ஒரு வேலி

வாடகை என்ற எண்ணை நகரமன்றம் தொடக் கூடாது. ஆனால் அந்த எண்ணைச் சுற்றியுள்ள எல்லாவற்றையும் தொடலாம்: உயர்வை எப்போது சொல்ல வேண்டும், குடிபுக எவ்வளவு கேட்கலாம், எந்த மாதத்தில் வெளியேற்றலாம், வெளியேற்றும் வழக்கில் யார் வாதாடுவார். சாவந்த்தின் பத்தாண்டுப் பணியில் நிலைத்தவை பெரும்பாலும் இங்கேதான் இருக்கின்றன. இவற்றை அவர் தனியாகச் செய்யவில்லை. பிற உறுப்பினர்களின் வாக்கும், நகரமன்ற அரங்கை நிறைத்த வாடகைதாரர் கூட்டமும் இருந்தன.

அடித்தளம் அவருக்கு முந்தியது. 1980 முதலே சியாட்டிலில், சட்டம் பட்டியலிட்ட காரணங்களில் ஒன்று இல்லாமல் வாடகைதாரரைக் காலி செய்யச் சொல்ல முடியாது. ஆனால் ஓராண்டு ஒப்பந்தம் முடிந்ததும் புதுப்பிக்காமல் விடுவதற்கு அதில் ஓர் ஓட்டை இருந்தது. 2021-இல்தான் அது அடைபட்டது. அந்த அடித்தளத்தின் மேல் எழுந்தவை இவை:

1. பழுதான வீட்டுக்கு உயர்வு இல்லை (2016). அடிப்படைப் பராமரிப்புத் தரத்தை எட்டாத வீட்டின் வாடகையை, பழுது நீக்கும்வரை உயர்த்தக் கூடாது. நேரடி வாடகைக் கட்டுப்பாட்டுக்கு மிக அருகில் சென்ற சட்டம் என்று இதைச் சொல்லலாம்.

2. குடிபுகும் செலவுக்கு வரம்பு (2016). முன்பணமும் திரும்பக் கிடைக்காத கட்டணங்களும் சேர்ந்து ஒரு மாத வாடகையைத் தாண்டக் கூடாது. அதையும் தவணையில் செலுத்தலாம். பத்து மாத அட்வான்ஸ் எண்ணிக் கொடுத்துப் பழகிய சென்னைவாசிக்கு ஒரு மாதமே தாராளமாகத் தெரியலாம். ஆனால் முதல் மாதம், கடைசி மாதம், முன்பணம் என்று மூன்று வாடகையை ஒரே நாளில் புரட்ட முடியாமல் தெருவுக்கு வந்த குடும்பங்கள் அங்கே உண்டு.

3. குளிர்கால வெளியேற்றத் தடை (2020). டிசம்பர் 1 முதல் மார்ச் 1 வரை, நடுத்தர வருமானமோ அதற்குக் குறைவோ உள்ள வாடகைதாரரைப் பெரும்பாலான காரணங்களுக்காக வெளியேற்ற முடியாது. சாவந்த் கேட்டது ஐந்து மாதம், கிடைத்தது மூன்று. நான்கு அல்லது அதற்குக் குறைவான வீடுகள் வைத்திருக்கும் சிறு உரிமையாளர்களுக்கு விலக்கும் சேர்க்கப்பட்டது.

4. பள்ளி ஆண்டுத் தடை, இலவச வழக்கறிஞர் (2021). பள்ளி செல்லும் பிள்ளைகள் உள்ள குடும்பத்தையும் பள்ளிப் பணியாளரையும் பள்ளி நடக்கும் மாதங்களில் வெளியேற்றக் கூடாது. வெளியேற்ற வழக்கை எதிர்கொள்ளும் வசதியற்றவருக்கு அரசுச் செலவில் வழக்கறிஞர்.

5. 180 நாள் முன்னறிவிப்பு (2021). மாநிலச் சட்டப்படி 60 நாள் போதும் என்றிருந்தது, சியாட்டிலில் ஆறு மாதமானது.

6. இடம்பெயர்வு உதவி (2021). ஓராண்டில் 10 சதவீதமோ அதற்கு மேலோ வாடகை உயர்ந்து, அதனால் வீட்டைவிட்டுப் போகும் குறைந்த வருமானக்காரருக்கு, மூன்று மாத வீட்டுச் செலவுக்கு இணையான தொகை கிடைக்க வேண்டும். அந்தச் செலவை உரிமையாளர் ஏற்க வேண்டும்.

7. தாமதக் கட்டணம் மாதத்துக்கு 10 டாலருக்கு மேல் கூடாது (2023).

மூன்றாவதையும் நான்காவதையும் பலர் தவறாகப் புரிந்துகொள்கிறார்கள். குளிர்காலத்தில் வாடகையே கட்ட வேண்டாம் என்பது அதன் பொருளன்று. பாக்கி அப்படியே நிற்கும். வெளியேற்ற வழக்கு வந்தால் வாடகைதாரர் நீதிமன்றத்தில் எழுப்பக்கூடிய ஒரு எதிர்வாதம் மட்டுமே அது. இதை எதிர்த்து உரிமையாளர் சங்கத்தினர் தொடுத்த வழக்கில், பருவகாலத் தடைகள் செல்லும் என்றே மேல்முறையீட்டு நீதிமன்றம் 2022-இல் கூறியது.

ஆறாவது விதி எப்படி வேலை செய்கிறது என்று ஒரு கணக்குப் போட்டுப் பார்க்கலாம். மாத வாடகை 2,000 டாலர் என்று வைத்துக்கொள்வோம். உரிமையாளர் 2,190 ஆக்கினால் உயர்வு 9.5 சதவீதம், அவர் மேற்கொண்டு எதுவும் தர வேண்டியதில்லை. 2,200 ஆக்கினால் சரியாக 10 சதவீதம். வாடகைதாரர் காலி செய்தால் 6,000 டாலர் வரை அவர் கையைவிட்டுப் போகலாம். மாதம் 10 டாலர் கூடுதலாகக் கேட்டதற்கு 6,000 டாலர் அபாயம். இனி எந்த உரிமையாளராவது அந்தக் கோட்டைத் தொடுவாரா? சட்டம் வாடகைக்கு வரம்பு வைக்கவில்லை. வரம்பைத் தாண்டினால் வலிக்கும்படி செய்தது. 1981-ஆம் ஆண்டுச் சட்டத்தின் எழுத்தை மீறாமல் அதன் நோக்கத்தைச் சுற்றிவளைத்த புத்திசாலித்தனம் இது. எதிர்ப்பாளர்களை எரிச்சலூட்டியதும் இதுவே.

பணம் எங்கிருந்து வரும்?

வேலி போடுவதால் புதிய வீடு முளைக்காது. அதற்குப் பணம் வேண்டும். வருமான வரி என்ற வழி அடைபட்டதால், நிறுவனங்கள் பக்கம் திரும்பினார்கள்.

2018 மே மாதம், பெருநிறுவனங்கள் ஒரு ஊழியருக்கு ஆண்டுக்கு 275 டாலர் செலுத்த வேண்டும் என்ற சட்டம் 9-க்கு 0 என்று நிறைவேறியது. வருமானம் வீடற்றோருக்கும் வீட்டுவசதிக்கும் என்று சொல்லப்பட்டது. ஏற்கெனவே அமேசான் தன் புதிய கோபுரம் ஒன்றின் வேலையை நிறுத்திவைத்து எச்சரித்திருந்தது. வணிகர்கள் வாக்கெடுப்புக்குக் கையொப்பம் திரட்டத் தொடங்கினார்கள். ஒரு மாதம்கூட ஆகவில்லை. அதே நகரமன்றம் 7-க்கு 2 என்று சட்டத்தைத் திரும்பப் பெற்றது. எதிர்த்து நின்ற இருவர் சாவந்த்தும் தெரேசா மொஸ்கேடாவும்.

2019 தேர்தலில் அமேசான் ஏறக்குறைய 15 லட்சம் டாலரை வணிகர் சங்கத்தின் தேர்தல் நிதிக்குக் கொட்டியது. சாவந்த் மீண்டும் வென்றார். 2020-இல் மொஸ்கேடா கொண்டுவந்த புதிய வரி நிறைவேறியது: ஊழியர் ஊதியத்துக்கு ஆண்டுக்கு 70 லட்சம் டாலரோ அதற்கு மேலோ செலவிடும் நிறுவனங்கள், ஒன்றரை லட்சம் டாலரும் அதற்கு மேலும் சம்பளம் வாங்கும் ஊழியர்களின் ஊதியத்தின் மீது செலுத்தும் வரி. முதல் ஆண்டிலேயே 20 கோடி டாலருக்கு மேல் வந்தது. சட்டத்தை எழுதியவர் மொஸ்கேடா. ‘அமேசானுக்கு வரி போடு’ என்ற இயக்கத்தைத் தெருவில் நடத்தி அழுத்தம் கொடுத்தவர் சாவந்த். யாருக்குப் பெருமை என்பதில் இன்றும் சச்சரவு உண்டு. அந்த இயக்கத்துக்கு நகரமன்ற அலுவலக வளத்தைப் பயன்படுத்தியதற்காக அவர் அபராதம் கட்டியதையும் சொல்லியாக வேண்டும். 2021 டிசம்பரில் நடந்த பதவிநீக்க வாக்கெடுப்புக்கான காரணங்களில் அதுவும் ஒன்று. சுமார் 300 வாக்கு வித்தியாசத்தில் தப்பினார்.

சமூக வீட்டுவசதி என்பது அடுத்த கட்டம். ஒரு பொது நிறுவனமே வீடுகளை வாங்கி, கட்டி, நிரந்தரமாக வைத்திருப்பது. ஏழைகளோடு நடுத்தர வருமானக்காரர்களும் ஒரே கட்டடத்தில் குடியிருப்பது. மக்களில் ஏறத்தாழப் பாதிப்பேர் இத்தகைய வீடுகளில் வாழும் வியன்னா நகரமே முன்மாதிரி. 2023 பிப்ரவரியில் அந்த நிறுவனத்தை உருவாக்க வாக்காளர்கள் ஒப்புதல் தந்தார்கள். 2025 பிப்ரவரியில், ஊழியர் ஒருவருக்குப் பத்து லட்சம் டாலருக்கு மேல் தரப்படும் ஊதியத்தின் மீது நிறுவனத்துக்கு 5 சதவீத வரி என்று அதற்கு வருவாயும் தந்தார்கள். இதை முன்னெடுத்தது சாவந்த் அமைப்பன்று, வேறொரு குடிமக்கள் குழு. ஆனால் 2013-இல் அவர் பதாகையில் இருந்த மூன்றாவது கோரிக்கையோடு இதற்கு உள்ள உறவு கண்ணுக்குத் தெரிகிறது.

எதிர்வாதங்களில் எதை ஏற்கலாம்?

வாடகைக் கட்டுப்பாடு குறித்து அதிகம் மேற்கோள் காட்டப்படும் ஆய்வு ஸ்டான்ஃபோர்டு பொருளியலாளர்கள் 2019-இல் வெளியிட்டது. சான் பிரான்சிஸ்கோவில் 1994-இல் சிறு அடுக்ககங்களுக்கும் கட்டுப்பாடு விரிவாக்கப்பட்டதன் விளைவை அவர்கள் அளந்தார்கள். பாதுகாப்புப் பெற்றவர்கள் அதே வீட்டில் தொடர்ந்து இருக்கும் வாய்ப்பு 10 முதல் 20 சதவீதம் கூடியது. அதே நேரத்தில் உரிமையாளர்கள் வீடுகளை விற்பனைக்கு மாற்றியதாலும் இடித்துக் கட்டியதாலும், அந்தக் கட்டடங்களில் வாடகைக்குக் கிடைக்கும் வீடுகள் 15 சதவீதம் குறைந்தன. நகரம் முழுவதும் வாடகை சுமார் 5 சதவீதம் உயர்ந்தது. இந்த ஆய்வின் முதல் பாதியை ஒரு தரப்பும் இரண்டாம் பாதியை மறு தரப்பும் மேற்கோள் காட்டுவது வழக்கமாகிவிட்டது. உள்ளே இருப்பவர் காக்கப்படுகிறார், வெளியே நிற்பவர் கூடுதலாகக் கொடுக்கிறார் என்று சேர்த்துப் படிப்பதே நேர்மை.

புதுக் கட்டடத்துக்கும் விலக்கில்லை என்ற சாவந்த்தின் நிலைப்பாட்டுக்கு மிக அருகில் போனது மினசோட்டா மாநிலத்தின் செயின்ட் பால் நகரம். 2021-இல் வாக்காளர்கள் எல்லா வீடுகளுக்கும் ஆண்டுக்கு 3 சதவீதம் என்று வரம்பு வைத்தார்கள். கட்டட அனுமதி விண்ணப்பங்கள் சரிந்தன. அடுத்த ஆண்டே புதுக் கட்டடங்களுக்கு 20 ஆண்டு விலக்குத் தர வேண்டியதாயிற்று. இரண்டாவது திருகை முழுக்க இறுக்குவது எனக்கு ஏற்புடையதாக இல்லாததற்கு இதுவே காரணம். மக்கள் குவியும் நகரத்தில் கட்டுமானம் நின்றால், அடி விழுவது கடைசியாக வந்த ஏழைக்கே.

இன்னொரு எதிர்வாதம் எதிர்பாராத திசையிலிருந்து வந்தது. லாப நோக்கமின்றிக் குறைந்த வாடகை வீடுகளை நடத்தும் அமைப்புகளே, பெருந்தொற்றுக்குப் பின் வாடகைப் பாக்கி குவிவதாகவும் வெளியேற்ற வழக்குகள் இழுபடுவதாகவும் புகார் சொன்னார்கள். பேராசைக்கார உரிமையாளருக்கு எதிராக எழுதிய சட்டம், தர்ம சிந்தனையோடு வீடு நடத்துபவரின் கணக்குப் புத்தகத்திலும் ஓட்டை போடும். இதற்கு விடை சட்டத்தை நீக்குவதா, பாக்கியை ஈடுகட்ட வாடகை உதவி நிதியைக் கூட்டுவதா என்பதே இப்போதைய சண்டை.

வீடே போதாத ஊரில் விதிகள் எதற்கு என்ற வாதமும் உண்டு. சியாட்டிலின் குடியிருப்பு நிலத்தில் பெரும்பகுதி நீண்ட காலம் ஒரு மனைக்கு ஒரு தனிவீடு என்றே ஒதுக்கப்பட்டிருந்தது. 2023-இல் மாநிலம் தலையிட்டு, பெரிய நகரங்களில் ஒரு மனையில் குறைந்தது நான்கு வீடு கட்ட அனுமதிக்க வேண்டும் என்றது. தேவையான சீர்திருத்தம்தான். ஆனால் மனு கொடுத்து, கட்டி முடித்து, குடிபுக ஆண்டுகள் பிடிக்கும். சாவந்த்தின் வட்டாரத்திலேயே உள்ள சென்ட்ரல் டிஸ்ட்ரிக்ட், 1970-களில் கறுப்பின மக்கள் பெரும்பான்மையாக வாழ்ந்த பகுதி. இன்று அவர்கள் அங்கே சிறுபான்மை. வீடுகள் பெருகி வாடகை இறங்கும்வரை பொறுத்திருங்கள் என்று அந்த மக்களிடம் சொல்வதற்கு அர்த்தமில்லை. அவர்கள் ஏற்கெனவே போய்விட்டார்கள்.

2025: மாநிலமே கதவைத் திறந்தபோது

சாவந்த்தின் பதவிக்காலம் முடிந்து 16 மாதம் கழித்து, 2025 மே 7 அன்று, மாநில ஆளுநர் பாப் ஃபெர்குசன் ஒரு மசோதாவில் கையெழுத்திட்டார். 44 ஆண்டுகளாக நகரங்களுக்குத் தடை போட்டுவரும் மாநிலம், தானே மாநிலம் முழுவதற்கும் வாடகை உயர்வுக்கு வரம்பு வைத்தது. ஆரிகன், கலிஃபோர்னியா ஆகிய மேற்குக் கரை மாநிலங்கள் 2019-லேயே செய்ததை ஒட்டிய சட்டம் இது. முன்பு பார்த்த மூன்று திருகுகளை வைத்து இதைப் படித்தால் எளிதில் புரியும்.

1. அளவு: 7 சதவீதத்தோடு விலைவாசி உயர்வு, அல்லது 10 சதவீதம், இவற்றில் எது குறைவோ அது. குடிபுகுந்த முதல் 12 மாதத்தில் உயர்வே கூடாது. சாவந்த் கேட்டதைவிட மிகவும் மென்மை.

2. கட்டடம்: கட்டி 12 ஆண்டு ஆகாதவற்றுக்கு விலக்கு. செயின்ட் பால் நகரின் பாடம் இதில் தெரிகிறது.

3. வீடா, ஆளா: ஆளுக்குத்தான்.

இதனால் சியாட்டிலின் பழைய வேலிக்கு ஒரு வினோதமான நிலை வந்திருக்கிறது. இடம்பெயர்வு உதவி கிடைக்க வாடகை 10 சதவீதமோ அதற்கு மேலோ உயர வேண்டும். விலைவாசி உயர்வு 3 சதவீதத்துக்குக் கீழே இருக்கும் ஆண்டில், மாநில வரம்பே 10 சதவீதத்தை எட்டாது. ஆக, வரம்புக்கு உட்பட்ட வீடுகளில் அந்த உதவி பெரும்பாலும் உறங்கும்; விலக்குப் பெற்ற புதிய கட்டடங்களில் மட்டும் விழித்திருக்கும். மறுபுறம், மாநிலம் இப்போது 90 நாள் முன்னறிவிப்பு கேட்கிறது. சியாட்டிலின் 180 நாள் இன்னும் அதைவிட நீளம்.

மாநில வரம்பு 2040-இல் காலாவதியாகும்படி எழுதப்பட்டிருக்கிறது. அதுவரை, மாத வாடகை 2,000 டாலர் தரும் ஒருவருக்கு ஓராண்டில் அதிகபட்சம் 200 டாலர் உயர்வு. அவர் வேலை மாறியோ மணமுறிவாலோ ஊரைவிட்டுக் கிளம்பினால், அதே வீட்டை உரிமையாளர் மறுநாள் 2,800-க்கு விளம்பரப்படுத்தலாம். அதைத் தடுக்கும் அந்த மூன்றாவது திருகு இன்னும் மாநிலச் சட்டமன்றத்தின் கையில்தான் இருக்கிறது.